இரண்டு தோட்டம், ஒரே ஐயாயிரம்
(காங்கேசன்துறையில் நடந்த விவசாயத் தொழிலாளர் சந்திப்பில் எமது சங்கப் பிரதிநிதிகள் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து வந்திருக்கிறோம். இங்கே இறங்கியதும் ஓர் ஐயா "நீங்களும் தோட்டமோ?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். பிறகுதான் விளங்கியது. உங்களுக்குத் தோட்டம் என்றால் செம்மண்ணில் வெங்காயம், புகையிலை, வாழை. எங்களுக்குத் தேயிலை, லயம், செக்ரோல். சொல் ஒன்று, பாடு வேறு. ஆனால் 2020இல் இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கதைதான் நடந்தது. அதைப் பேசத்தான் வந்தோம்.

அந்த வருடம் மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. யாழ்ப்பாணம் அபாய வலயம் என்று தொடர்ந்து பூட்டப்பட்டது. நீங்கள் வீட்டுக்குள், விளைந்தது தரையில். எங்களுக்கோ ஊரடங்கிலும் கொழுந்து பறிக்க அனுமதி! நோய்க்குப் பயந்து நாடே கதவைச் சாத்தியபோது எங்கள் பெண்கள் மலையேறினார்கள்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். சமுர்த்திக் குடும்பங்கள், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், விவசாயக் காப்புறுதியில் பதிந்தவர்கள் என்று வகை பிரித்தார்கள். கொடுத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. அன்றைய எங்கள் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு எழுநூறு. ஐயாயிரம் என்றால் ஏழு நாள் பெயர். பசித்த வீட்டுக்கு அது பெரிய காசு.

கேள்வி, யாருடைய பெயர் புத்தகத்தில் இருந்தது என்பதே. காலையில் இங்கே பேசிய அம்மா சொன்னார்: பிறத்தியார் தோட்டத்தில் களை பிடுங்குகிறேன், காணி என்னுடையதல்ல, கமநல சேவை நிலையத்தில் எனக்குப் பெயரில்லை. 1990இல் இந்த மண்ணைவிட்டு ஓடியவர்களின் நிலை இன்னும் சிக்கல். உறுதி பெட்டிக்குள் இருக்கிறது, காணி வேலிக்கு அப்பால் படையினரிடம் இருக்கிறது, பயிர் செய்வதோ வேறொருவரின் நிலத்தில் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு. இவர் விவசாயி என்று எந்தத் தாள் சொல்லும்?

எங்கள் பக்கம் இதற்கு நேர்மாறு. செக்ரோலில் பெயர் இருந்தால் "உனக்கு நிரந்தரச் சம்பளம்" என்று தள்ளினார்கள். மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கைக்காசுக்குப் பறிப்பவருக்குச் செக்ரோலும் இல்லை, நிவாரணப் பட்டியலும் இல்லை. கொழும்பில் கடை மூடி ஊர் திரும்பிய பிள்ளைகள் எங்கே பதிந்தவர்கள் என்பதே வழக்காகிவிட்டது. ஒரு லயக் காம்பராவில் இரண்டு மூன்று குடும்பம் வாழும். கணக்கில் அது ஒரு வீடு. சமுர்த்தியே தோட்டங்களுக்குள் பிந்தித்தான் வந்தது. பழைய பட்டியலைப் பார்த்துப் புதிய துயரத்துக்குக் காசு கொடுத்தால், முன்பு விடுபட்டவர்தான் மறுபடியும் விடுபடுவார்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: சங்கங்களாகிய நாங்களும் அன்று பிந்தினோம். ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அது 2021 மார்ச்சில் வந்தது. நிவாரணப் பட்டியலைக் கையிலெடுத்து வீடு வீடாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

2023 ஜூலையிலிருந்து அஸ்வெசும. பட்டியலைப் பார்வைக்கு வைத்தார்கள், முறையீடு கேட்டார்கள். இலட்சக்கணக்கானோர் முறையிட்டார்கள் என்பதிலிருந்தே எவ்வளவு பிழை என்று தெரிகிறது. ஆனாலும் அந்த வழி நமக்கு வேண்டும். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையை விதானையார் உறுதிப்படுத்தினால் போதும் என்று சட்டமாக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். ஒரு கதவு எண்ணில் பல குடும்பங்களைத் தனித்தனியே பதியச் சொல்லி நாங்கள் கேட்கிறோம். ஒரே மனுவில் இரண்டையும் எழுதலாம்.

மனு எழுதியே கொண்டுவந்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மரத்தடி மேசையில் இருப்போம். அடையாள அட்டை இலக்கமும், யாருடைய காணியில் எத்தனை பரப்புச் செய்கிறீர்கள் என்பதும் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.