கண்ணீரில் பிறந்த ஒரு சொல்



ஆங்கிலப் பாடம் எடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் கழித்து நான் கற்ற ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'மாட்லின்' என்பது அந்தச் சொல். ஒரு கதைப் புத்தகத்தில் எதிர்ப்பட்டது. அகராதியைப் புரட்டினேன். அளவுக்கு மீறி உருகுகிற, குறிப்பாகக் குடிபோதையில் தன்னிரக்கத்தோடு அழுகிற என்று பொருள் போட்டிருந்தது. நம் பிள்ளைகள் பேச்சில் 'ஓவர் பீலிங்'.

அதன் பிறப்புதான் என்னைக் கவர்ந்தது. விவிலியத்தில் வரும் மகதலேனா மரியாளை ஐரோப்பிய ஓவியர்கள் கண்ணீர் வடிப்பவராக வரைந்து பழகினார்கள். மக்தலேன் என்ற பெயர் பிரெஞ்சு வழியாக வந்து ஆங்கில நாவில் 'மாட்லின்' என்று தேய்ந்தது. ஆக்ஸ்போர்டில் 1458இல் நிறுவப்பட்ட மக்தலேன் கல்லூரியை இன்றும் 'மாட்லின்' என்றே சொல்கிறார்கள். எழுத்தில் 'ஜி' உண்டு, உச்சரிப்பில் கிடையாது. முதலில் கண்ணீர் வடிக்கும் என்று மட்டுமே பொருள். ஏளனம் பிறகு ஏறியது. நறுமணமாக இருந்த நம் 'நாற்றம்' இறங்கிப்போகவில்லையா, அதுபோல. யோவான் எழுதிய நற்செய்தியில் அவர் கல்லறை வாசலில் நின்று அழுகிறார். உண்மையான துக்கம் அது. அந்தப் பெயர்தான் போலிக் கண்ணீருக்கு அடைமொழியானது!

கற்ற சொல் சும்மா இருக்குமா? அந்த வாரமே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இறந்துபோன தன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையால் 'மாட்லின்' என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் வந்து நின்றாள். "சார், அகராதியில பார்த்தேன். குடிச்சிட்டு அழுறதுன்னு போட்டிருக்கு. நான் அப்படி எழுதலையே சார்."

எனக்குப் பதில் வரவில்லை. நோட்டை வாங்கி மறுபடி படித்தேன். 'ஐ க்ரைட்' ஆறு இடத்தில், 'வெரி சேட்' நான்கு இடத்தில். துக்கத்தைச் சொல்ல அவளிடம் இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அவ்வளவும் நான் கொடுத்தது. மிகையாக இருந்தது உணர்ச்சி அல்ல, குறைவாக இருந்தது சொல். இது விளங்க எனக்கு ஓர் இரவும் ஒரு குழந்தையின் கேள்வியும் தேவைப்பட்டன.

"பாட்டி வச்சிருந்த பொருள் ஏதாவது வீட்டுல இருக்காம்மா?" என்றேன்.

"சுருக்குப்பை இருக்கு சார்."

"உள்ளே என்ன?"

காய்ந்த வெற்றிலை, பாதிப் பாக்கு, இவளுக்கென்று முடிந்து வைத்திருந்த இரண்டு ரூபாய். பையின் கயிறு, பாக்கு, முடிச்சு இவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொற்களை இருவரும் உட்கார்ந்து தேடினோம். வெற்றிலைக்கு 'பீட்டல்' என்றதும் அவள் சிரித்தாள். நம் வெற்றிலையிலிருந்தே போன சொல் என்றேன், நம்பவில்லை.

புதிய பக்கத்தில் எட்டு வரி எழுதினாள். அழுதேன் என்று ஓரிடத்திலும் இல்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். "என்ன சார், மாட்லினா?" என்று கேட்டாள்.