எல்லா வீட்டுக்கும் போகும் புட்டிங்

கிறிஸ்துமஸ் கேக் சோழவரம் கடைகளிலேயே கிடைக்கும். ஆவியில் வேகும் பிளம் புட்டிங் வேண்டுமென்றால் வீட்டில்தான் செய்யணும். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இது பழைய வழக்கம். பெயரில்தான் பிளம், உள்ளே இருப்பது உலர் திராட்சை.

ஆங்கிலேயர் முறையில் மாட்டுக் கொழுப்பும் பிராந்தியும் சேரும். நம் குடியிருப்பில் எதிர்வீட்டுக்கும் தட்டு போகும், இல்லையா? அதனால் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய், பிராந்திக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு.

உலர் திராட்சையும் பேரீச்சையும் சேர்த்துக் கால் கிலோ. சாற்றில் போட்டு இரவு முழுக்க ஃபிரிஜ்ஜில் ஊறட்டும். வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை தலா 100 கிராம் எடுத்துக் குழையுங்கள். 2 முட்டை, 100 கிராம் மைதா, 50 கிராம் பிரெட் தூள், அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் பட்டைத்தூள், ஜாதிக்காய்த்தூள், ஊறிய பழம் கலந்து, வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் முக்கால் அளவு நிரப்புங்கள். ஃபாயிலால் இறுக மூடி, பெரிய பாத்திரத்தில் சிறு தீயில் இரண்டரை மணி நேரம் வேகவிடுங்கள். தண்ணீர் கிண்ணத்தின் பாதி உயரம் இருக்கட்டும். குறைந்தால் கொதிக்கும் நீர் ஊற்றுங்கள். அடுப்பை எரியவிட்டு வெளியே போக வேண்டாம்.

பிராந்தி இல்லாததால் மாதக்கணக்கில் தாங்காது. ஃபிரிஜ்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள். தட்டு கொடுக்கும்போது முட்டை இருப்பதைச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடாத வீட்டுக்கு ஊறிய பழத்தில் ஒரு கிண்ணம் முன்னாலேயே எடுத்து வையுங்கள். எந்தக் கதவையும் தாண்டிப் போகவேண்டியதில்லை.