கால்களில் நாடி நின்றால்…
(ஆசிரியர்களுக்கான உடல்நலப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பெருந்தமனியை நீங்கள் கரும்பலகையில் பலமுறை வரைந்திருப்பீர்கள். இதயத்தில் புறப்பட்டு வயிற்றுக்குள் இறங்கும் அக்குழாய், ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் கவைக்கிளைபோல் பிரிந்து இரு கால்களுக்கும் செல்கிறது. ரத்தநாள அறுவை மருத்துவரான நான் மிகவும் அஞ்சும் இடங்களுள் ஒன்று அந்தக் கவை. இதயத்தில் உருவான ரத்தக்கட்டி அடித்து வரப்பட்டு அங்கே சிக்கினால், இரு கால்களுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் நின்றுவிடும்.

திடீரெனக் கடும் வலி வரும். கால்கள் வெளிறி, சில்லிட்டு, மரத்துப்போகும், அசைக்கவும் முடியாது. இதைப் பக்கவாதம், முதுகுத்தண்டுக் கோளாறு என்று எண்ணிக் காலத்தை இழப்பவர்கள் உண்டு. உண்மையைக் காட்டிக்கொடுப்பது மருத்துவரின் விரல்நுனிதான்: தொடை இடுக்கில் நாடித்துடிப்பு இராது. அடைப்பு இருக்கும் இடத்தை சி.டி. ஆஞ்சியோகிராம் உறுதிசெய்யும். சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால், தசைகள் மீளாத சேதமடையக்கூடும்.

முதலில் ஹெப்பாரின் ஊசி போடுகிறோம். அது கட்டியைக் கரைக்காது. மேலும் வளராமல் தடுக்கும். பிறகு இரு தொடை இடுக்கிலும் தமனியைத் திறந்து, சுருங்கிய பலூன் கொண்ட மெல்லிய குழாயை மேலே செலுத்துகிறோம். கட்டியைத் தாண்டியதும் பலூனை உப்புநீரால் உப்பவைத்து, கட்டியோடு வெளியே இழுக்கிறோம். இதை உருவாக்கியவர் அமெரிக்கரான தாமஸ் ஃபோகார்ட்டி. கையுறையின் விரல்நுனியை வெட்டிக் குழாயில் பொருத்த முயன்றார், பசை ஒட்டவில்லை. மீன்பிடிக்கத் தூண்டில் கட்டிப் பழகிய கைகளால் நூல்முடிச்சிட்டே பொருத்திவிட்டார். 1963இல் அம்முறை மருத்துவ இதழில் வெளியானது.

ஆனால், அந்தக் கட்டி ஏன் உருவானது? நம் நாட்டில் முக்கியமான காரணங்களுள் ஒன்று, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல். அது இதய வால்வைச் சுருக்கிவிடும். ஆண்டுகள் கழித்து இதயத்துடிப்பு சீர்கெட்டு, உள்ளே தேங்கும் ரத்தம் உறையும்.

இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதில் வருவது. அதாவது, உங்கள் வகுப்பறை வயது. தொண்டைவலி வந்து 2, 3 வாரங்களில் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வலியும் கண்டால், "வளர்ச்சி வலி" என்று விட்டுவிடாதீர்கள். பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள். நோய் உறுதியான குழந்தைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் பென்சிலின் ஊசி தேவைப்படும். ஊசிக்குப் போகும் நாளில் அக்குழந்தையைக் கடிந்துகொள்ளாமல் அனுப்பிவையுங்கள். ஒரு ஊசியும் தவறாமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும்.