கிண்டி கோல்ஃப் மைதானம்: மண்ணில் கட்டிய கட்டடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் படிச்சவன், ஏதாவது பழைய கட்டடத்தைப் பத்திப் பேசு" என்றார்கள். நான் திருமுக்கூடல்காரன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் ஊர். எங்கள் பெருமாள் கோயிலைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். கோயிலுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், சுவரும் கூரையும் இல்லாத ஒரு கட்டடத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சென்னையில் கிண்டி குதிரைப் பந்தய வட்டத்துக்கு உள்ளே இருந்த பதினெட்டுத் துளை கோல்ஃப் மைதானம்தான் அது.

புல்தரையில் என்னய்யா கட்டடக்கலை என்று பின்வரிசைத் தம்பிகள் சிரிப்பது தெரிகிறது. நியாயமான கேள்விதான். கட்டடம் என்றால் என்ன? ஒரு காரியத்துக்காகத் திட்டமிட்டு, எடையையும் தண்ணீரையும் சமாளிக்கும்படி பொருள்களை அடுக்கி வைப்பது. கோல்ஃப் மைதானத்தில் எடை ஒரு பிரச்சினையே இல்லை. தண்ணீர்தான் முழுப் பிரச்சினையும்.

இந்த ஆட்டம் வளர்ந்தது ஸ்காட்லாந்துக் கடற்கரை மணல்மேடுகளில். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்கு வரைபடம் போட்டவர் யாரும் இல்லை. காற்று குவித்த மேடு, ஆடு மேய்ந்து கட்டையான புல், இவைதான் அதன் வடிவம். ஆடுகள் குளிருக்கு ஒதுங்கிய பள்ளங்களே 'பங்கர்' ஆயின என்று சொல்வார்கள். 1764-இல் 22 துளைகளைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பதினெட்டு என்பதற்கு வேர் அங்கேதான். மணல் என்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. வடிகால் வேலையை இயற்கையே இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டது.

அந்த ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்காரன் வங்காளத்துக்கு வந்தான். பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-இல் ஆரம்பித்த கல்கத்தா கிளப்தான். பின்னால் அவர்கள் குடிபோன டாலிகஞ்ச் இருக்கிறதே, நெல் விளையும் தாழ்ந்த பூமி. மணல்மேடா, சரிவா, ஒன்றும் கிடையாது. அதனால் அந்த மைதானத்தில் குளங்கள். மழை பெய்தால் தண்ணீர் அவற்றில் இறங்கும், பந்தும் சேர்ந்து இறங்கும். நம் ஊர்ப்பக்கம் ஏரிக்கரை போட்டவனிடம் இடத்தைக் கொடுத்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பான்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கதை வேறு. அங்கே இயற்கையான புல்மேடுகளும் சரிவும் குளிரும் இருந்தன. கொடைக்கானல் கிளப் 1895-இல் வந்தது. அங்கெல்லாம் பெரிதாகக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. இருந்த மலையில் வழி கண்டுபிடித்தால் போதும்.

சென்னையில்தான் சோதனை. கிண்டியில் 1777-லிருந்து குதிரை ஓட்டினார்கள். குதிரைக்குத் தட்டையான நிலம் வேண்டும். கோல்ஃபுக்கு மேடு பள்ளம் வேண்டும். ஒன்றுக்கு வரம், இன்னொன்றுக்குச் சாபம். போதாக்குறைக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அப்புறம் சித்திரை, வைகாசியில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். துளையைச் சுற்றியுள்ள 'கிரீன்' எனப்படும் மெல்லிய புல்தரையை இந்த வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது?

காப்பாற்றவில்லை! சமவெளி ஊர்களில் நெடுங்காலம் கிரீன் என்பதே கிடையாது, 'பிரௌன்'தான். மணலில் எண்ணெய் கலந்து வட்டமாகப் பரப்பி, இறுக்கி, சமன் செய்துவிடுவார்கள். ஒருவர் நடந்து போனதும் ஒரு பையன் வந்து இழுவைக் கட்டையால் கால்தடத்தை அழிப்பான். பார்க்க அழகில்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காத அமைப்பு. என்னைக் கேட்டால் இந்தியச் சமவெளி கோல்ஃபின் சொந்தக் கட்டடக்கலை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது பிரௌன்தான். ஆட்டக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பிறகு பச்சை வந்தது. தம்பிகள் குறித்துக்கொள்ள வேண்டியது இந்த இடத்தைத்தான். 1960-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் கிரீன் கட்டுவதற்கு ஒரு முறையை வெளியிட்டது. அடியில் மீன்முள் மாதிரி வடிகால் குழாய்கள். மேலே நான்கு அங்குலம் சரளை. அதற்கு மேல் பன்னிரண்டு அங்குலம் மணல் கலவை. அதில் புல். பார்த்தால் நாம் லேபில் செய்த வடிகட்டிப் படுகை மாதிரியே இருக்கும். சூட்சுமம் என்னவென்றால், மணலில் இருக்கும் தண்ணீர் உடனே சரளைக்குள் இறங்காது. நம் வீட்டில் நனைத்த புடவையைக் கொடியில் போட்டால், மேலே காய்ந்த பிறகும் கீழ் ஓரத்தில் ஈரம் தேங்கி நிற்கிறதல்லவா? நுண்துளை இழுப்பு. அதே மாதிரி மணலின் அடியில் ஈரம் தொங்கிக்கொண்டு நிற்கும். வேருக்கு அது போதும். பெருமழை வந்து மணல் நிரம்பினால் மட்டும் மொத்தமும் சரளை வழியாக ஓடிவிடும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே அமைப்பில் பதில்! பதினாறு அங்குல ஆழத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் புல் என்ன தெரியுமா? வெப்ப நாட்டு மைதானங்களில் போடும் 'பெர்முடா' புல், நம்ம பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லேதான். அதை ஓர் ஆப்பிரிக்கப் புல்லோடு கலந்து, ஜார்ஜியா மாநிலத்தில் கிளென் பர்ட்டன் என்பவர் உருவாக்கிய டிஃப்கிரீன் ரகம் 1956-இல் வெளிவந்தது. வரப்பில் கேட்பாரற்றுக் கிடந்தது விமானம் ஏறிப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

இனி கசப்பான பகுதி. கிண்டி நிலம் அரசுடையது. 160 ஏக்கருக்கு மேல். 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் குதிரைப் பந்தய கிளப்புக்குக் கொடுத்தார்கள். ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். கோல்ஃப் ஆடியது ஜிம்கானா கிளப். வாடகை உயர்வு பற்றிய வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 2023-இல் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி கட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைப் பூட்டியது. 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவிப்பு வந்தது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளத்தைக் குறைக்க உள்ளே குளங்களும் வெட்டினார்கள். அதன் பிறகும் வழக்குகள் நடந்தன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஊருக்கு நடுவில் அவ்வளவு நிலத்தில் சிலர் மட்டும் பந்தடித்ததைப் பார்த்துக் கோபப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். குளம் வெட்டியதை நான் வரவேற்கிறேன். டாலிகஞ்சில் ஆட்டத்துக்காகச் செய்ததைக் கிண்டியில் ஊருக்காகச் செய்திருக்கிறார்கள்.

என் கவலை வேறு. பழைய மாளிகை ஒன்றை இடிக்கப் போகிறோம் என்றால் முதலில் அளந்து படம் போடுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். மண்ணை வெட்டும்போது மட்டும் ஜேசிபி நேராக உள்ளே போய்விடுகிறது. எந்த மட்டத்தில் மேடு இருந்தது, எது இயற்கைத் தாழ்வு, எதைக் கொட்டி உயர்த்தினார்கள், நிலத்தடிக் குழாய் எந்தப் பக்கம் ஓடியது என்பதெல்லாம் ஒரு நாளில் போய்விடும். அவை வெறும் ஆட்ட விவரங்கள் அல்ல. சென்னை மண்ணில் தண்ணீரை எப்படி நிறுத்துவது, எப்படி அனுப்புவது என்று தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்த பரிசோதனையின் கணக்கு.

இப்போது எங்கள் ஊர்க் கோயில். பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அந்தச் சுவரில் இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து அங்கே வேதம் படிக்கும் கல்லூரியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற ஆதுலர் சாலையும் நடந்தன. அந்த ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர இருவர், பணிப்பெண்கள் இருவர், ஆளுக்கு இவ்வளவு நெல், இருப்பில் இன்னின்ன மருந்து. எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இன்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் ஒன்பது நூற்றாண்டு தாண்டியும் அது எப்படி நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல முடிகிறது, எழுதி வைத்ததால்.

ஆகவே, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு சிவில் தம்பி தங்கைகளே, சர்வே கேம்ப் என்று வருடா வருடம் கல்லூரி மைதானத்தையே சுற்றி வருகிறீர்கள். உரிய அனுமதி வாங்கிக்கொண்டு கிண்டிக்குப் போங்கள். பழைய தரைமட்டம் மிச்சமிருக்கும் இடங்களில் அரை மீட்டர் இடைவெளியில் சமமட்டக் கோடு போடுங்கள். ஒரு பழைய கிரீன் அகப்பட்டால் ஓரத்தில் ஒன்றரை அடி குழி எடுத்து அடுக்கை வரைந்துகொள்ளுங்கள். உள்ளே மணலா, சரளையா, வெறும் களிமண்ணா என்பது தெரிந்துவிடும். பழைய பராமரிப்பு ஊழியர்கள் யாராவது கிடைத்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். எந்த வாய்க்கால் எப்போது அடைக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும், எந்தப் படத்திலும் இருக்காது. கொடைக்கானல், ஊட்டி மைதானங்களையும் இதே மாதிரி எடுத்தால் மலைக்கும் சமவெளிக்கும் ஒப்பிட்டு ஒரு நல்ல புராஜெக்ட் ஆகும். கருவிக்கும் பஸ் செலவுக்கும் எங்கள் பேட்ச் பொறுப்பு. கார்த்திகை மழையில் போங்கள். விட்ட மறுநாள் காலையிலேயே போனால் தண்ணி எங்கே நிக்குது, எந்தப் பக்கம் நகருதுன்னு லெவல் கருவி இல்லாமலே பாதி தெரிஞ்சுடும்.