தினவாடகை வீடு: வாங்கும் முன் ஒரு கணக்கு

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சவூதியில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பிய தம்பி ஒருவர் சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் இருப்பது 40 லட்சம். "அண்ணே, கொடைக்கானலில் ஒரு பிளாட் விலைக்கு வருகிறது. ஆன்லைனில் போட்டு நாள் வாடகைக்கு விட்டால் 3,000 ரூபாய் கிடைக்குமாம். மாதம் 90,000! வாங்கிவிடட்டுமா?" என்றார். அவருக்கு வேறு சொத்து இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள்.

ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். மலையில் ஏப்ரல், மே சீசன். பிறகு விடுமுறை நாள்கள், சனி, ஞாயிறு. மற்ற நாள்களில் மழையும் குளிரும்தான். ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்து, மாதம் பத்து நாள் ஆள் வருவதாக வைத்துக்கொண்டோம். வரவு 30,000. அதில் செயலிக்குக் கமிஷன், காவலாளுக்குச் சம்பளம், சலவை, கரண்ட், தண்ணீர், ரிப்பேர் எல்லாம் போகப் பாதி மிஞ்சினால் 15,000. அதே வீட்டைக் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டால் 10,000 வரும் என்றார். ஆக, இத்தனை அலைச்சலும் 5,000 ரூபாய்க்கு. பத்து நாள் ஏழு நாளாகக் குறைந்தால் அந்த 5,000-மும் இல்லை.

குறையுமா என்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மலையில் விடுதிகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போக இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில், கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள்தான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலையைக் காக்க அது தேவைதான். ஆனால் நம் வருமானம் நம் கையில் இல்லை என்பதை அது காட்டுகிறது.

வட்டிக் கடன் நமக்கு ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உறவினரிடம் கைமாற்று வாங்கினாலும் தவணை தேதிக்கு வந்து நிற்கும்; விருந்தாளி வரமாட்டார். சேர்ந்து வாங்குகிறவர்கள் அண்ணன் தம்பியாக இருந்தாலும் பங்கை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காகிதம். பத்திரமும் வில்லங்கச் சான்றும் மட்டும் போதாது. கட்டட அனுமதி இருக்கிறதா, அது குடியிருப்புக்கா வணிகத்துக்கா என்று பாருங்கள். அனுமதி மீறிய கட்டடங்களுக்குக் கொடைக்கானலில் சீல் வைத்ததை அடிவாரத்தில் இருக்கும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பிளாட் என்றால், நாள் வாடகைக்கு விடக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வருகிறவர்களின் அடையாளச் சான்றைப் பார்ப்பதும், வீட்டில் எதற்கு இடமில்லை என்று முன்கூட்டியே எழுதிப் போடுவதும் உங்கள் பொறுப்பு.

நான் இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு அருகிலேயே இருந்து, விருந்தாளியை முகம் கோணாமல் கவனித்து, நன்றாகச் சம்பாதிக்கிற குடும்பங்கள் உண்டு. அது வாடகை வருமானம் அல்ல, ஒரு தொழில். தொழிலைக் கற்றுக்கொண்டு முதல் போடுங்கள். முதல் வீடு என்றால் ஒரே ஒரு சோதனை வையுங்கள்: நாள் வாடகை நின்றுபோனாலும், மாத வாடகையில் இந்த வீடு நம்மைத் தாங்குமா? தாங்கும் என்றால் வாங்குங்கள்.

அந்தத் தம்பி முன்பணம் கொடுக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரின் மலை வீட்டை ஒரு சீசன் முழுக்கச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளப் போகிறார். ஆள் வரும் நாளையும் வராத நாளையும் நோட்டில் குறித்து வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

நம் உழைப்பில் இறைவன் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.