ஈயம் உருகும் சூடு

பழைய ரேடியோவில் சால்டரிங் வைக்கும்போது, போர்டிலிருந்த செப்புக்கோடு உரிந்து கையோடு வந்துவிட்டது. மனசு ஆறவே இல்லை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் கம்பி 183 டிகிரியிலேயே உருகிவிடும். சாதாரண சால்டரிங் அயர்னோ, 400 டிகிரியையும் தாண்டலாம். அந்த அதிகச் சூடுதான் கோட்டை உரித்துவிட்டது.

சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்ன் வாங்குங்கள். விலை குறைந்ததே போதும். ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. சிலவற்றில் அது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி மின்சாரத்தை மட்டும்தான் குறைக்கும். முனையருகே சூட்டை அளக்கும் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்று முனை கிடைக்குமா என்றும் பாருங்கள்.

330 டிகிரியில் வைத்து இரண்டு மூன்று விநாடி தொட்டால், ஈயம் பளபளவென்று ஓடிப் பரவும். வேலை முடிந்ததும் முனையில் கொஞ்சம் ஈயம் பூசியே ஆறவிடுங்கள்.