நீர்க்குழாய்ப் புகையும் வைத்திய மாணாக்கரும்



சிரியா, ஜோர்டான், லெபனான் முதலிய தேசங்களில் நீர்க்குழாயிற் புகை பிடித்தல் விருந்துபசாரத்தோடு சேர்ந்த பழக்கம். சிகரெட்டைத் தொட நாணும் பெண்மக்களும் இதனை வீட்டார் முன்னிலையிற் பிடிப்பதுண்டு. நம் நாட்டில் இதற்கே ஹுக்கா என்று பேர். 1990களில் பாகு கலந்து பழமணமூட்டிய முஅஸ்ஸல் என்னும் புகையிலை பரவவே, அத்தேசத்துக் காப்பிக் கடைகளில் இளைஞர் கூட்டம் பெருகிற்று. அக்கூட்டத்தில் வைத்தியமும் தாதித் தொழிலும் பயிலும் சர்வகலாசாலை மாணாக்கரும் உளர் என்பதே நாம் கவலையோடு கூற வந்த விஷயம்.

நுரையீரலின் அமைப்பைக் கற்றறிந்த இவர்களிலும் பலர், புகையின் நஞ்சைத் தண்ணீர் கழுவிவிடும் என்றே எண்ணுகின்றனர். தண்ணீர் புகையைக் குளிரச் செய்யும். நஞ்சிற் பெரும்பகுதி அப்படியே நிற்கும். குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாமையால் இன்னும் ஆழமாக உள்ளிழுக்கப்படுகிறது. மேலே வைக்கும் கரித்தணலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வேறு சேருகிறது. ஒரே அமர்வில் நூறு சிகரெட்டுக்கு ஈடான அளவு புகை உட்செல்லக் கூடுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2005ல் எச்சரித்தது.

மற்றொரு தொல்லையும் உண்டு. "புகை பிடிப்பதுண்டா?" என்று வைத்தியர் வினவினால், நீர்க்குழாய் பிடிப்போர் பலர் "இல்லை" என்பர்; சிகரெட்டு ஒன்றே அவர்கள் கணக்கிற் புகை. ஆதலின் குழாயைப் பேர் சொல்லியே கேட்டாக வேண்டும். மாலைதோறும் தாமே அதைச் சுவைக்கும் வைத்தியர் கேட்பாரோ? நமது சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று வைத்தியம் பயிலும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, இவ்வினாவை அவர்களிடமே விடுக்க எண்ணியிருக்கிறோம்.